ஃப்ரீ த்ரோ: விசில் எப்போது, யாருக்கு எதிராக?

கூடைப்பந்து விதிகள் குறித்து வந்த கடிதங்களில் இந்த முறை ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குத் தண்டனையாகத் தடுப்பவர் இல்லாமல் எறியும் த்ரோ, பற்றிய கேள்விகளே அதிகம். அதனால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டோம். பதில்கள் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்புத்தகத்தின் 43-ஆவது பிரிவை ஒட்டியவை. வேறு விதிமுறையைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஷூட்டர் பந்தை விடுவதற்கு முன்பே எதிரணி ஆட்டக்காரர் கூடைக்கு முன்னுள்ள கட்டத்துக்குள் பாய்ந்துவிட்டார். நடுவர் பார்த்தும் விசில் ஊதவில்லை. பந்து கூடைக்குள் விழுந்தது, ஆட்டம் தொடர்ந்தது. இது சரியா?
— உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

சரிதான். நடுவர் பார்க்காமல் விட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பந்து என்ன ஆகிறது என்று காத்திருந்திருக்கிறார்.

ஃப்ரீ த்ரோ வயலேஷனில் (ஃபவுல் அல்லாத விதிமீறலில்) நடுவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. தவறு செய்தது ஷூட்டரா, மற்றவரா? பந்து உள்ளே போனதா, இல்லையா? ஷூட்டரே தவறு செய்திருந்தால் இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை. பந்து விழுந்தாலும் புள்ளி கிடையாது. மற்றவர்கள் செய்த தவறென்றால், பந்து விழுந்துவிட்டால் புள்ளி உண்டு, தவறு கணக்கில் வராது. அது கடைசி த்ரோவாக இருந்தால், எந்தக் கூடைக்கும் பிறகு நடப்பதுபோல எதிரணி, கூடைப் பக்கத்து எல்லைக் கோடான எண்ட் லைனுக்குப் பின்னாலிருந்து பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடரும்.

பந்து விழாவிட்டால்தான் தவறு செய்தது எந்த அணி என்று பார்க்க வேண்டும். எதிரணியின் தவறு என்றால் ஷூட்டருக்கு இன்னொரு த்ரோ. ஷூட்டரின் கூட்டாளி கடைசி த்ரோவில் முந்தி நுழைந்திருந்தால் பந்து எதிரணிக்கு. ஃப்ரீ த்ரோ லைனுக்கு நேராக, பக்கக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை ஆடுகளத்துக்குள் எறியும் த்ரோ-இன். இரண்டு அணியுமே கடைசி த்ரோவில் முந்தியிருந்தால் அது ஜம்ப் பால் நிலை (பந்து யாருக்கு என்று முடிவாகாத நிலை), ஸ்கோர் டேபிளில் அணிகளின் முறையை மாற்றி மாற்றிக் காட்டும் ஆரோ எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்குப் பந்து.

புதியவர்கள் தடுமாறுவது நேரக் கணக்கில். எதிரணிக்காரர் உள்ளே நுழைந்ததைக் கண்டவுடன் கை தானாக விசிலுக்குப் போகும். ஊதிவிட்டால் பந்து செத்துவிடாது. ஷூட்டர் அல்லாத வேறொருவரின் தவறுக்காக ஊதிய விசில், காற்றில் இருக்கும் ஃப்ரீ த்ரோவை நிறுத்தாது. விழுந்தால் புள்ளி உண்டு. ஆனால் பந்து இன்னும் ஷூட்டர் கையில் இருக்கும்போது விசில் ஒலித்தால் அவருடைய கவனம் கலைந்துவிடும். அதனால் காத்திருங்கள். பந்து ரிங்கில் பட்டு வெளியே போகிறது என்று உறுதியானதும் உடனே ஊதுங்கள். தவறித் திரும்பும் பந்து, அதாவது ரீபவுண்டு, யார் கைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு ஊதலாம் என்று நினைத்தால், அங்கிருந்துதான் சண்டை தொடங்கும்.

"பந்து கையை விட்டதும் நுழையலாம்" என்று ஒருவர் சொல்கிறார், "ரிங்கில் பட்டதும்தான்" என்று இன்னொருவர். எது சரி?
— பள்ளி அணிப் பயிற்சியாளர், கோவை

இரண்டுமே சரி. ஆள் வேறு, நேரம் வேறு.

கட்டத்தின் இருபுறமும் உள்ள ரீபவுண்டு இடங்களில் வரிசையாக நிற்பவர்கள், பந்து ஷூட்டரின் கையை விட்டதும் உள்ளே நுழையலாம். ஷூட்டர், பந்து கூடைக்குள் போகும் வரை அல்லது ரிங்கைத் தொடும் வரை ஃப்ரீ த்ரோ லைனைத் தொடவே கூடாது. மீதி ஐந்து பேரில் ஷூட்டர் போக மற்றவர்கள், ஃப்ரீ த்ரோ லைனை இருபுறமும் நீட்டினால் வரும் கற்பனைக் கோட்டுக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பின்னால் நின்று, அந்த த்ரோ முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும். நடைமுறையில் அதற்கும் பந்து ரிங்கைத் தொடும் கணம்தான் அளவு.

அதிகம் நடக்கும் தவறு இந்த மூன்றாவது கூட்டத்தில்தான். வரிசையில் நிற்கும் உயரக்காரர்கள் நகர்வதைப் பார்த்ததும், பின்னால் நிற்கும் கார்டும் (கூடையிலிருந்து தள்ளி ஆடுபவர்) சேர்ந்து ஓடி வருவார். நடுவர்களின் கண் வரிசையிலேயே இருப்பதால் பல போட்டிகளில் இது தப்பிவிடுகிறது. பயிற்சியில் உங்கள் கார்டுகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பந்து ரிங்கில் படும் சத்தம் கேட்ட பிறகு முதல் அடி.

இன்னொன்று. கட்டத்தின் பக்கக் கோடுகள் கட்டத்தைச் சேர்ந்தவை. வரிசையில் நிற்பவரின் கால்விரல் கோட்டின் மேல் இருந்தால் அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். பந்தை ஷூட்டருக்குக் கொடுக்கும் முன் "கோட்டிலிருந்து காலை எடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு விசில் தேவையில்லை.

எங்கள் பள்ளி சிமென்ட் தளத்தில் கோடுகள் அழிந்துவிட்டன. மறுபடி பெயின்ட் அடிக்கப் போகிறோம். ரீபவுண்டு இடங்களை எப்படி அளப்பது? யார் எங்கே நிற்க வேண்டும்?
— விளையாட்டுப் பொறுப்பாசிரியர், சிவகாசி

முதலில் தளத்தில் இருப்பது பழைய வடிவமா என்று பாருங்கள். 2010 வரை ஃபிபா கட்டம் சரிவகமாக, எண்ட் லைன் பக்கம் விரிந்து இருந்தது. இப்போது அது 4.90 மீட்டர் அகலச் செவ்வகம். அழிந்த கோட்டின் மேலேயே பெயின்ட் அடித்தால் பழைய சரிவகம் மறுபடி உயிர் பெற்றுவிடும். வரிசையில் நிற்பவர்களின் இடமும் சாய்ந்துவிடும்.

ஃப்ரீ த்ரோ லைனின் வெளி விளிம்பு, அதாவது ஷூட்டர் பக்கத்து விளிம்பு, எண்ட் லைனின் உள்விளிம்பிலிருந்து 5.80 மீட்டர். போர்டின் முகப்பு எண்ட் லைனிலிருந்து 1.20 மீட்டர் உள்ளே தொங்க வேண்டும். ஆகவே போர்டுக்கும் அந்த விளிம்புக்கும் இடையே 4.60 மீட்டர். லைனின் நீளம் 3.60 மீட்டர். ஷூட்டர் நிற்கும் அரைவட்டத்தின் ஆரம் 1.80 மீட்டர். கோடுகள் எல்லாம் 5 சென்டிமீட்டர் அகலம்.

ரீபவுண்டு இடங்களைக் கட்டத்தின் பக்கக் கோட்டோரம் எண்ட் லைனிலிருந்து அளந்து வாருங்கள். 1.75 மீட்டரில் முதல் இடம் தொடங்கும். அதன் நீளம் 85 சென்டிமீட்டர். அடுத்து 40 சென்டிமீட்டர் நடுநிலைப் பகுதி. அதை முழுவதும் நிறமடித்துவிடுங்கள், அங்கே யாரும் நிற்கக் கூடாது. அதன் பிறகு 85 சென்டிமீட்டராக இரண்டு இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் பின்பக்கமாக ஒரு மீட்டர் ஆழம் உண்டு என்று கணக்கு. அந்த ஆழத்தைத் தரையில் வரைய வேண்டியதில்லை.

நிற்பவர்கள் அதிகபட்சம் ஐந்து பேர்: எதிரணியில் மூவர், ஷூட்டர் அணியில் இருவர். கூடைக்கு மிக அருகில் உள்ள இரண்டு இடமும் எதிரணிக்கு. அதற்கு அடுத்த இரண்டும் ஷூட்டரின் கூட்டாளிகளுக்கு. ஷூட்டருக்கு அருகில் உள்ள மூன்றாவது இடம், ஏதாவது ஒரு பக்கம், எதிரணியின் மூன்றாமவருக்கு. எதிரணி தன் இடத்தைக் காலியாக விட்டால் ஷூட்டர் அணிக்காரர் அதில் போய் நிற்க முடியாது. நின்றால் அதுவே வயலேஷன்தான். ஆனால் நல்ல நடுவர் பந்தைக் கொடுக்கும் முன்பே அவரை வெளியே அனுப்பிவிடுவார்.

டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக் குற்றம்), அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல் (முறையற்ற மோதல்) போன்றவற்றில் த்ரோவுக்குப் பிறகு பந்து யாருக்கு என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அங்கே வரிசையே கிடையாது. ஷூட்டர் தவிர எல்லோரும் பின்னால்.

நான் குதித்துத்தான் ஃப்ரீ த்ரோ போடுவேன். இறங்கும்போது லைனை மிதித்துவிடுகிறேன் என்று இரண்டு முறை புள்ளி ரத்தானது. குதிப்பதே தவறா?
— பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

குதிப்பது தவறில்லை. எந்த முறையில் வேண்டுமானாலும் எறியலாம். பந்து மேலிருந்து கூடைக்குள் நுழைய வேண்டும் அல்லது ரிங்கையாவது தொட வேண்டும். போர்டில் அடித்து உள்ளே போட்டாலும் செல்லும். காலிடுக்கிலிருந்து இரு கைகளால் கீழிருந்து வீசினாலும் செல்லும். அப்படி வீசியே ரிக் பேரி அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஏறத்தாழ 90 சதவீத ஃப்ரீ த்ரோக்களை உள்ளே போட்டார். வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தாரே, அன்று 32 ஃப்ரீ த்ரோவில் 28 உள்ளே போனதும் அந்தக் கீழ்வீச்சில்தான். பிறகு அவர் அதைக் கைவிட்டார். பார்க்க நன்றாக இல்லை என்று ஒதுக்கப்படும் நல்ல முறை அது என்பது எங்கள் கட்சி.

உங்கள் சிக்கல் இறங்கும் இடம். லைனும் உங்களுக்குத் தடைப்பகுதிதான். விரல்நுனி பட்டாலே போதும். பந்து ரிங்கை அடைய ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். நீங்கள் அதற்குள் தரைக்கு வந்துவிடுவீர்கள். கை வலு போதாதவர்கள் உடலையே முன்னால் தள்ளி வீசுவதால் இறங்கும்போது ஒரு சாண் முன்னேறிவிடுகிறார்கள். நிற்கும்போதே லைனிலிருந்து ஒரு சாண் பின்னால் நின்று பாருங்கள். அந்தக் கூடுதல் தூரத்துக்குப் பந்து எட்டவில்லை என்றால் குதிப்பதை விட்டுவிட்டு, முழங்காலை நன்றாக மடக்கி, நுனிக்காலில் எழுந்து போடப் பழகுவதுதான் வழி. பயிற்சியில் லைன் மேல் ஒரு கயிற்றைப் போட்டுவையுங்கள். மிதித்தால் காலே சொல்லும்.

புள்ளி ரத்தாவதோடு முடியாது. அது கடைசி த்ரோ என்றால் பந்தும் எதிரணிக்குப் போகும். இரண்டில் முதல் த்ரோ என்றால் அந்தப் புள்ளி மட்டும் போகும். இரண்டாவது த்ரோவைப் போடலாம்.

என்.பி.ஏ. ஆட்டங்களில் ஷூட்டர் பந்தைத் தட்டித் தட்டி நெடுநேரம் எடுத்துக்கொள்கிறார். இங்கே உடனே விசில் ஊதுகிறார்கள். ஏன்?
— கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

அங்கே 10 நொடி, ஃபிபாவில் 5 நொடி. 2021 என்.பி.ஏ. பிளே-ஆஃபில் கியானிஸ் அன்டெட்டோகும்போ பந்தோடு நிற்கும்போதெல்லாம் எதிரணி ரசிகர்கள் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தது அந்தப் பத்துக்காகத்தான்.

எண்ணிக்கை தொடங்குவது பந்து ஷூட்டர் வசம் வந்ததிலிருந்து. கைக்கு வந்த பிறகு மூன்று தட்டு, ஒரு மூச்சு, வீச்சு என்றால் 5 நொடிக்குள் அடங்கிவிடும். ஐந்தாறு முறை தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டிவியில் பார்த்துப் பழகிய சடங்கை ஒருமுறை ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்துவிடுங்கள்.

ஷூட்டர் எறிவதுபோலப் பாவனை செய்தார். எங்கள் ஆட்டக்காரர் ஏமாந்து உள்ளே நுழைந்தார். யார் மீது தவறு?
— அணித் தலைவர், ஈரோடு

ஷூட்டர் மீது மட்டும். பாவனை செய்யக் கூடாது என்று விதி நேராகவே சொல்கிறது. ஷூட்டர் தவறு செய்தால், அதற்குச் சற்று முன்போ, அதே நேரத்திலோ, பிறகோ மற்றவர்கள் செய்த தவறு எதுவும் கணக்கில் வராது. புள்ளி கிடையாது, கடைசி த்ரோ என்றால் பந்து உங்களுக்கு.

பந்தை முகத்துக்கு நேரே தூக்கி ஒரு கணம் நிறுத்திப் பிறகு எறிவது சிலருக்கு இயல்பான பாணி. ஒவ்வொரு த்ரோவிலும் அப்படியே செய்கிறாரா என்று பாருங்கள். திடீரென்று ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மட்டும் வந்தால் அது பாணி இல்லை.

எதிரணி ஆட்டக்காரர் கையை ஆட்டுகிறார், பின்னால் பெஞ்சில் இருப்பவர்கள் கத்துகிறார்கள், ரசிகர்கள் தகரம் தட்டுகிறார்கள். இதில் எது வயலேஷன்?
— பெற்றோர், வேலூர்

முதலாவது மட்டும். வரிசையில் நிற்கும் எதிரணிக்காரர் கையாட்டியோ சத்தம் போட்டோ ஷூட்டரைக் கலைத்தால், த்ரோ தவறியபோது மறு த்ரோ. அவரே திரும்பச் செய்தால் டெக்னிக்கல் ஃபவுல் வரை போகலாம். பெஞ்சில் இருப்பவர்கள் விஷயம் ஒழுங்கு நடத்தைப் பிரிவில் வரும். எச்சரிக்கை, அதன்பின் டெக்னிக்கல். ரசிகர்களின் தகரத்துக்கு இந்தப் பிரிவில் மருந்து இல்லை.

இரண்டு நடுவர் முறையில் ஃப்ரீ த்ரோ நேரத்தில் யார் எதைப் பார்ப்பது? எனக்கும் என் கூட்டு நடுவருக்கும் ஒரே இடத்தில்தான் கண் போகிறது.
— புதிதாகத் தேர்வு எழுதிய நடுவர், தஞ்சாவூர்

பந்து மேலே போனதும் இரண்டு பேரும் அண்ணாந்து பார்ப்பதுதான் இங்கே முதல் நோய். பந்தை ஒருவர் பார்த்தால் போதும்.

த்ரோவை நடத்துவது லீட், அதாவது கூடைப் பக்கம் நிற்கும் நடுவர். கூடைக்கு அடியில் நின்று, எத்தனை த்ரோ என்பதை விரலில் காட்டி, வாயாலும் "ரெண்டு" என்று சொல்லி, பந்தை ஒரு தட்டுத் தட்டி ஷூட்டருக்கு அனுப்புவார். அனுப்பும் முன் வரிசையைச் சரிபார்க்கும் கடமை அவருடையது: ஐந்து பேருக்கு மேல் இல்லையா, இடம் மாறி நிற்கிறார்களா, ஷூட்டர் சரியான ஆள்தானா. அனுப்பிய பிறகு எண்ட் லைனுக்கு வெளியே ஒதுங்கி, தனக்கு எதிர்ப்பக்கம் உள்ள வரிசையைப் பார்ப்பார். தன் பக்கத்து வரிசையின் முதுகை வைத்து அவருக்குக் கால் தெரியாது.

ட்ரெயில், அதாவது மற்ற நடுவர், ஷூட்டருக்குப் பின்னால், பக்கவாட்டில். 5 நொடி எண்ணிக்கை, ஷூட்டரின் கால், பந்து ரிங்கில் பட்டதா என்பது, தனக்கு எதிரே உள்ள வரிசை எல்லாம் அவருக்கு. மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும் அவர் பொறுப்பே. நிறையத்தான். அதனால் வரிசையில் உள்ளவர்களை லீட் முன்கூட்டியே அடக்கி வைத்தால் ட்ரெயில் ஷூட்டர் காலில் கண்ணைப் பதிக்கலாம்.

வயலேஷனுக்கு விசில் ஊதினால் விரல்கள் சேர்ந்த திறந்த உள்ளங்கை மேலே. மூடிய முஷ்டி ஃபவுலுக்கு உரியது. ஷூட்டர் தவறால் புள்ளி ரத்து என்றால் இரு கைகளையும் மார்புக்குக் குறுக்கே வெட்டிக் காட்டிவிட்டு, ஆட்டத் திசையை நீட்டுங்கள். ஸ்கோர் டேபிளுக்குக் காட்டாமல் விட்டால் அங்கே புள்ளி ஏறிவிடும். இரண்டு நிமிடம் கழித்து அதை இறக்குவது பெரும்பாடு. ஷாட் கிளாக்கை (கூடைக்கு எறிய அணிக்குள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரத்தை) இயக்குபவருக்கும் ஒரு குறிப்பு: இந்த த்ரோ-இன் அந்த அணி காக்கும் கூடை உள்ள பாதியில் நடப்பதால் 24 நொடி. வயலேஷன் எதுவும் இல்லாமல் கடைசி த்ரோ ரிங்கில் பட்டுத் தவறி, ஷூட்டர் அணியே ரீபவுண்டு எடுத்தால் 14.

இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், ஒரு நொடி பாக்கி, ஒரே ஒரு த்ரோ. வேண்டுமென்றே தவறவிட்டு ரீபவுண்டில் போடச் சொல்லலாமா?
— கிளப் பயிற்சியாளர், சென்னை

சொல்லலாம். விதி தடுக்கவில்லை. ஆனால் பந்து ரிங்கைத் தொட்டே ஆக வேண்டும். இந்தத் திட்டம் பாழாவது பெரும்பாலும் இங்கேதான்: பதற்றத்தில் ஷூட்டர் போர்டில் ஓங்கி அடிப்பார், பந்து ரிங்கில் படாமல் திரும்பும். அது ஷூட்டரின் வயலேஷன். பந்து எதிரணிக்கு, ஆட்டம் முடிந்தது. தாழ்வாக, வேகமாக, ரிங்கின் முன்விளிம்பைக் குறிவைத்து எறிவதைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சி இல்லாமல் அந்த நேரத்தில் புதிதாக முயல வேண்டாம்.

கடிகாரம் ஓடத் தொடங்குவது, தவறிய பந்தை ஆடுகளத்தில் உள்ள ஒருவர் தொட்ட பிறகு. 0.3 நொடி அல்லது அதற்கு மேல் இருந்தால் பிடித்து எறிய நேரம் உண்டு. 0.2 அல்லது 0.1 என்றால் தட்டிவிடுவதோ நேராக டங்க் செய்வதோ மட்டும்தான் செல்லும்.

ஷூட்டரின் கூட்டாளிகள் இருவருக்கும் அவசரம் இருக்கும். அவர்கள் முந்தினால் எல்லாம் வீண். எதிரணி முந்தினால் உங்களுக்கு மறு த்ரோ கிடைக்கும். அப்போதும் அதே திட்டம்தானா என்று முன்பே பேசி வையுங்கள்.

ஃபவுல் வாங்கியவர் ஒருவர், த்ரோ போட்டவர் இன்னொருவர். முடிந்த பிறகுதான் தெரிந்தது. என்ன செய்வது?
— ஸ்கோரர், சேலம்

ஷூட்டரின் கையை விட்டு முதல் பந்து போவதற்குள் தெரிந்துவிட்டால் ஆளை மாற்றிவிட்டுத் தொடரலாம், தண்டனை இல்லை. போட்ட பிறகு தெரிந்தால் அந்த த்ரோக்கள் ரத்து, பந்து எதிரணிக்கு, ஃப்ரீ த்ரோ லைனுக்கு நேரே த்ரோ-இன். இதைத் திருத்தவும் ஒரு கெடு உண்டு. தவறுக்குப் பிறகு கடிகாரம் ஓடி, ஆட்டம் முதல் முறை நின்று, பந்து மறுபடி உயிர் பெற்றுவிட்டால் திருத்த முடியாது. ஆகவே ஃபவுல் வாங்கியவரின் எண்ணை நடுவர் சொல்லாவிட்டாலும் ஓரத்தில் குறித்துவையுங்கள். ஐந்தாவது ஃபவுலாலோ காயத்தாலோ வெளியேறியவருக்குப் பதில் வந்த மாற்று ஆட்டக்காரர் போடுவது இதில் சேராது, அது முறையானதே.

கடைசி த்ரோ ரிங்கில் பட்டு எழும்பியது. எங்கள் ஆள் தட்டி உள்ளே போட்டார். ஸ்கோரர் இரண்டு புள்ளி எழுதினார். ஃப்ரீ த்ரோவுக்கு எப்படி இரண்டு?
— ரசிகர், தூத்துக்குடி

ரிங்கில் பட்டபின் ஒருவர் முறையாகத் தொட்டதும் அது ஃப்ரீ த்ரோவாக இருப்பது நின்றுவிடுகிறது. சாதாரணக் கூடைபோல இரண்டு புள்ளி. எதிரணிக்காரரின் கை பட்டு உள்ளே விழுந்தாலும் இரண்டுதான். ஆனால் ரிங்கில் படுவதற்கு முன் வழியிலேயே தொட்டால் கதை வேறு. கடைசி த்ரோவில் எதிரணிக்காரர் அப்படிச் செய்தால் ஒரு புள்ளி உண்டு, கூடவே அவர் மீது டெக்னிக்கல் ஃபவுலும் எழுதப்படும்.